ஊசி போட்டால் வலிக்காது என்று எழுதியிருந்தாயே

பாறசாலை

அன்புள்ள ராஜத்துக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. இத்தனை வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற கால், நம்மைப்போன்ற நர்ஸுகளுக்கு முழங்கால் வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கே எல்லாரும் சுகம். மழை விடாததால் ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது. சின்னவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முடிவானதும் முதலில் உனக்குத்தான் சொல்வேன்.

கஷாய வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தாய். காதலித்த பெண் விஷம் கலந்து கொடுத்த கஷாயத்தைக் குடித்து, இந்த ஊர்ப் பையன் பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து செத்தான். 2025 ஜனவரியில் நெய்யாற்றின்கரை கோர்ட்டு அந்தப் பெண்ணுக்குத் தூக்கு விதித்தபோது இங்கே பலருக்கு மனசு ஆறியது. அந்தப் பையனுடைய தாயின் அழுகையைப் பார்த்தவர்கள் யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ எழுதியிருந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. "தூக்கு கொடுமைதான், அமெரிக்காவில் செய்வதுபோல ஊசி போட்டால் வலிக்காமல் போய்விடுமே" என்று எழுதியிருந்தாய். வேறு யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். நீயும் நானும் மயக்க மருந்து கலக்கிக் கொடுத்தவர்கள், அதனால் உன்னிடம் இதைப் பேசியே ஆகவேண்டும்.

அந்த முறையை 1977-ல் ஓக்லஹோமாவில் வகுத்தார்கள். முதன்முதலில் அப்படிக் கொன்றது 1982 டிசம்பரில், டெக்சாஸில். மூன்று மருந்துகள். முதலில் மயக்கத்துக்குத் தயோபென்டோன். அந்த மஞ்சள் பொடி உனக்கு மறந்திருக்காது. ஏறும்போதே "வாயில பூண்டு மணக்குது சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே கண் செருகுவார்களே, அதுதான். அடுத்தது பாங்குரோனியம். மூன்றாவது பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்த. ட்ரிப்பில் பொட்டாசியம் கொஞ்சம் வேகமாகப் போனாலே கை எரிகிறது என்று பேஷன்ட் கத்துவதை நாம் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்!

இப்போது நடுவில் இருக்கும் பாங்குரோனியத்தை யோசித்துப் பார். இதயத்தை நிறுத்தப் பொட்டாசியம் இருக்கிறது. பாங்குரோனியம் தசைகளைக் கட்டிப்போடும், நினைவைத் தொடாது. முதல் மருந்து சரியாக ஏறவில்லை என்றால் அந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். எரியும், மூச்சு முட்டும், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒருவர் நிம்மதியாகத் தூங்குவதுபோல இருக்கும். தியேட்டரில் தசையைத் தளர்த்தும் ரிலாக்ஸன்ட் கொடுத்துவிட்டால் நாடித்துடிப்பு ஏறுகிறதா, கண்ணோரம் நீர் கசிகிறதா என்று பார்க்கச் சொல்வார்களே, பேஷன்ட்டால் வாய் திறந்து சொல்ல முடியாது என்பதால்தானே? அங்கே அந்தப் பார்வை யாருக்கு இருக்கிறது? அந்த இரண்டாவது மருந்தை அவர்கள் பார்க்க வந்தவர்களின் நிம்மதிக்காகப் போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

2014 ஏப்ரலில் அதே ஓக்லஹோமாவில் கிளேட்டன் லாக்கெட் என்பவருக்கு நடந்ததைப் படித்தபோது கை நடுங்கிவிட்டது. அவர் செய்ததும் சாதாரணக் குற்றம் இல்லை, ஒரு இளம்பெண்ணைச் சுட்டு உயிரோடு புதைத்தவர். கையிலும் காலிலும் நரம்பு கிடைக்காமல் கடைசியில் தொடை இடுக்கில் ஊசி ஏற்றியிருக்கிறார்கள். மானம் காக்க என்று மேலே துணியைப் போர்த்திவிட்டார்கள். மருந்து நரம்புக்கு வெளியே போய் அந்த இடம் வீங்கியதை யாரும் கவனிக்கவில்லை. ஊசி ஏறிய இடத்தை ஒருபோதும் மூடாதே என்பது நமக்கு முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் துடித்துப் பேச ஆரம்பித்ததும் திரையை இழுத்து மூடினார்கள். உயிர் போக 43 நிமிஷம் ஆனது.

மருந்து எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்கிறார்கள். 2011-ல் அமெரிக்காவில் தயோபென்டோன் தயாரித்துவந்த கம்பெனி அதை நிறுத்தியது. மும்பையிலிருந்து விற்ற ஒரு கம்பெனியும் இதற்கென்றால் தரமாட்டோம் என்றது. 2015-ல் நெப்ராஸ்கா மாநிலம் கல்கத்தாவில் ஒரு தரகரிடம் 54,400 டாலர் கட்டியது, மருந்து போய்ச் சேரவே இல்லை. பல மாநிலங்கள் மருந்து கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாதபடி சட்டமே போட்டுவிட்டன. நாம் தியேட்டரில் ஒவ்வொரு ஆம்பூலின் பேட்ச் நம்பரையும் ரெஜிஸ்டரில் எழுதினோம். ஒரு உயிரை எடுக்கும் மருந்துக்கு அந்தக் கணக்குகூட வெளியில் வராது என்றால் அதை எப்படி ஏற்றுக்கொள்வது?

அப்புறம், இது அமெரிக்காவின் பாவம் மட்டும் என்று நினைக்காதே. தூக்குப்போடும் வேலை பார்த்த நாகர்கோவில் பக்கத்து ஆராச்சார்களைப் பற்றி நம்ம பாட்டிமார் பேசிக் கேட்டிருப்பாய். தூக்கிடும் நாளில் மகாராஜா தண்டனையை ரத்து செய்து உத்தரவு கொடுப்பாராம். அதைக் கொண்டுவரும் ஆள் எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்வானாம். ராஜாவுக்குப் பாவம் ஒட்டாது, ஆளும் பிழைக்க மாட்டான். 1944-ல் திருவிதாங்கூர் மரண தண்டனையையே நிறுத்தியது பெரிய காரியம். இந்தியாவோடு சேர்ந்த பிறகு அது திரும்ப வந்தது. பூஜப்புரை ஜெயிலில் கடைசித் தூக்கு 1979-ல், கண்ணூர் ஜெயிலில் 1991-ல்.

2013 பிப்ரவரி 9 அன்று பார்லிமெண்ட் தாக்குதல் வழக்கில் திகார் சிறையில் அப்சல் குருவைத் தூக்கிலிட்டார்கள். குடும்பத்துக்குத் தகவல் ஸ்பீடு போஸ்ட்டில் போனது. அது காஷ்மீர் போய்ச் சேர்வதற்குள் உடலைச் சிறைக்குள்ளேயே புதைத்தாகிவிட்டது. என்ன குற்றம் சாட்டப்பட்டவராகவும் இருக்கட்டும், மனைவியும் மகனும் என்ன தப்பு செய்தார்கள், கடைசியாக ஒரு தடவை முகம் பார்க்கக்கூட விடாமல் இருக்க? அதற்கு அடுத்த வருஷம்தான் உச்ச நீதிமன்றம், கருணை மனு தள்ளுபடியானால் 14 நாள் அவகாசம் வேண்டும், குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லவேண்டும், தூக்குக்குப் பிறகு போஸ்ட்மார்ட்டம் கட்டாயம் என்று விதி வகுத்தது.

அந்தப் போஸ்ட்மார்ட்டம் விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தூக்கில் கழுத்தெலும்பு முறிந்து சட்டென்று உயிர் போகும் என்று நம்பித்தான் 1983-ல், தூக்கு முறையை எதிர்த்துப் போட்ட தீனா வழக்கில், உச்ச நீதிமன்றம் தூக்கை ஏற்றுக்கொண்டது. எடைக்குத் தகுந்தபடி கயிற்றின் நீளத்தைக் கணக்கிடுகிறார்கள், மணல் மூட்டையைக் கட்டி ஒத்திகையும் பார்க்கிறார்கள். ஆனால் உண்மையில் எலும்பு முறிந்ததா, கழுத்து நெரிபட்டு மூச்சு முட்டியதா என்பதை உடலைத் திறந்து பார்த்தால்தானே சொல்ல முடியும்?

எந்த முறையாக இருந்தாலும் கொல்வது எனக்குச் சம்மதம் இல்லை, கஷாய வழக்குப் பெண்ணுக்கும் அது வேண்டாம். சாகும்வரை சிறையில் இருக்கட்டும். இதில் நீ என்னோடு ஒத்துப்போக மாட்டாய் என்று தெரியும், அது பரவாயில்லை. ஆனால் எல்லார் பெயரிலும் அரசு ஒருவரைக் கொல்கிறது என்றால், எப்படிக் கொன்றது, எத்தனை நிமிஷம் ஆனது, அவர் என்ன பாடுபட்டார் என்பதை எல்லாருக்கும் சொல்லவேண்டும். அதையாவது நீ ஒத்துக்கொள்வாய்.

உன் மருமகன் ஹைகோர்ட்டில்தானே இருக்கிறார்? 2014-க்குப் பிறகு இங்கே தூக்கிலிடப்பட்டவர்களின் போஸ்ட்மார்ட்டம் அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்க முடியுமா என்று அவரிடம் கேட்டு எழுது. மனு எழுதத் தெரிந்தால் போதும், கட்டணத்தை நான் கட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சரோஜா