செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: வெளிநாடு செல்லும் தொழிலாளர் குடும்பங்களுக்கும் கடன் நிறுவனங்களுக்கும் நடத்திய நிதிப் பயிற்சி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2025 மார்ச் 31-இல் முடிந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பேரவை முன் வைக்கிறேன். தணிக்கை முடிந்த வரவு செலவுக் கணக்கு உங்கள் கையில் தனியாக உள்ளது. அதை இங்கே திரும்பப் படிக்கவில்லை. பயிற்சியில் எதைச் சொல்லிக் கொடுத்தோம், எந்த இடத்தில் குடும்பங்கள் பணத்தை இழக்கின்றன என்பதே இந்த அறிக்கை.

இந்தியாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு 10.4 சதவீதம் என்று ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வு சொல்கிறது. மகாராஷ்டிரம், கேரளத்துக்கு அடுத்த மூன்றாம் இடம். வந்த பணத்தை எப்படிச் சேமிப்பது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். நம் வட்டாரத்துக் குடும்பங்கள் தடுமாறுவதோ முதல் பணம் வருவதற்கு முன்னால். குழுக் கடனை வாங்கி விசாவுக்குக் கொடுக்கிறார்கள். தவணை அடுத்த வாரமே தொடங்கிவிடுகிறது, அல்லது அடுத்த மாதம். போனவருக்கு மருத்துவச் சோதனை, இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் முடிந்து முதல் சம்பளம் கைக்கு வர இரண்டு மூன்று மாதம் ஆகிவிடும். இந்த இடைவெளியை அடைக்கத்தான் இரண்டாவது கடன், அதை அடைக்க மூன்றாவது. இந்த ஆண்டுப் பயிற்சி முழுவதையும் இந்த இடைவெளியைச் சுற்றியே அமைத்தோம்.

குடும்பங்களுக்கான வகுப்பை மூன்று அமர்வாகப் பிரித்திருக்கிறோம். விசாவுக்குப் பணம் கட்டும் முன் ஒன்று, புறப்படும் முன் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒன்று, போய் ஆறு மாதம் கழித்து வீட்டில் இருப்பவருக்கு ஒன்று. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் சேர்த்தால் யாரும் தன் கடன் தவணை அட்டையை வெளியே எடுப்பதில்லை. அட்டையை எடுக்காத வகுப்பு வெறும் சொற்பொழிவு.

முதல் அமர்வில் விசாக் காசு. பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் ரூ.30,000. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் ரூ.35,400. அதற்கு ரசீது தர வேண்டும். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்த பிறகே பணம். ஊரில் வந்து பேசும் துணை ஏஜென்டுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அவர் கையில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு தாளும் இருக்காது. 'இப்போதைக்கு விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்ற பேச்சு வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளச் சொல்கிறோம்.

அடுத்தது வட்டி. ரூ.40,000 கடன், 12 சதவீத நிலை வட்டி (கடைசி வரை முழு அசலுக்கும் போடும் வட்டி), 24 மாதம் என்று வைத்துக்கொள்வோம். வட்டி ரூ.9,600, மாதத் தவணை ஏறக்குறைய ரூ.2,067. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் எடுத்தால் இது ஆண்டுக்குச் சுமார் 21.6 சதவீத வட்டி. இன்னும் உள்ளது. பரிசீலனைக் கட்டணம் ரூ.600, அதற்கு ஜி.எஸ்.டி. ரூ.108, காப்பீடு ரூ.800 என்று முன்கூட்டியே பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது ரூ.38,492 மட்டும். அப்போது உண்மையான விலை 25.6 சதவீதத்தை ஒட்டி நிற்கும். கடன் கொடுக்கும் முன் தரவேண்டிய விவரத் தாளில் இந்த ஆண்டுச் சதவீதம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். தாளில் இல்லாத எந்தத் தொகையையும் வசூலிக்கக் கூடாது. முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. தாமதக் கட்டணம் பாக்கியான தொகைக்கு மட்டுமே, முழுக் கடனுக்கும் அல்ல.

அதனால் நாங்கள் கேட்பது ஒன்றே: விமான டிக்கெட் எடுக்கும் முன் மூன்று தவணைத் தொகை, மேற்படி உதாரணத்தில் ரூ.6,201, மனைவியின் கணக்கில் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் பயணம் ஒரு மாதம் தள்ளிப்போகட்டும். இந்தப் பணத்தைப் புறப்படும் அன்று ஏஜென்டின் 'கடைசிச் செலவு'க்கு எடுத்துக் கொடுத்துவிடுவதுதான் அடிக்கடி நடப்பது.

இனி நிறுவனங்களுக்கான பயிற்சி. மைக்ரோ ஃபைனான்ஸ் களப்பணியாளர்கள், மகளிர் குழுக் கூட்டமைப்பு நிர்வாகிகள், கூட்டுறவுச் சங்க ஊழியர்கள் வந்தார்கள். ஆண்டு முழுவதும் அதிகக் கேள்வி எழுந்தது வருமான மதிப்பீட்டில். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி, ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குத் தரும் பிணையில்லாக் கடன்தான் நுண்கடன். எல்லாக் கடன்களின் மாதத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதில் நகைக் கடனும் சேரும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு குடும்பம்.

தவறு எங்கே? கணவர் வெளிநாட்டில் வாங்குவது ரூ.14,000, வீட்டுக்கு அனுப்புவது ரூ.9,000, மனைவியின் தையல் வருமானம் ரூ.2,000. படிவத்தில் சம்பளம் என்ற இடத்தில் ஒரு முறையும், வெளியிலிருந்து வரும் பணம் என்ற இடத்தில் மறுபடியும் எழுதினால் ரூ.25,000 ஆகிவிடும், தவணை வரம்பு ரூ.12,500. வெளியூரில் சம்பாதிப்பவரின் சம்பளத்தை இரண்டு இடத்தில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. சரியான தொகை ரூ.16,000, வரம்பு ரூ.8,000. நாங்கள் இன்னும் ஒரு படி இறங்கி, வீட்டுக்கு வந்து சேரும் பணத்தை மட்டும் எண்ணச் சொல்கிறோம். ரூ.11,000-க்குப் பாதி ரூ.5,500. வட்டிக் கடை அடகும் கைமாற்றும் எந்தக் கடன் தகவல் அறிக்கையிலும் தெரியாது. அதனால் இந்த இறுக்கம் தேவை. இன்னும் விமானம் ஏறாதவரின் வருங்காலச் சம்பளத்தை எழுதுவது மதிப்பீடே அல்ல.

கடனின் நோக்கத்தையும் உள்ளபடி எழுத வேண்டும். விசாவுக்கு வாங்கும் கடன் படிவத்தில் கறவை மாடு ஆகிவிடுகிறது. தாளில் உள்ள மாடெல்லாம் உண்மையாக இருந்தால் நம் வட்டாரத்தில் வைக்கோல் கிடைக்காது. நோக்கம் 'வெளிநாட்டுப் பயணம்' என்று இருந்தால், முதல் தவணையை மூன்று மாதம் தள்ளித் தொடங்கும் திட்டத்தை அந்தப் பணியாளரே மேலே கேட்க முடியும். மாடு என்று எழுதியவர் எதைச் சொல்லிக் கேட்பார்?

வசூல் விதிகளை இரு தரப்புக்கும் ஒரே வகுப்பில் படித்துக் காட்டினோம். இருவரும் பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையாவது அங்கே வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொலைபேசி அழைப்பு கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, விசாரிக்க எண் 14448. முதல் புகாரின் நகல் இல்லாமல் நேரே போனால் மனு திரும்பி வரும்.

பணம் அனுப்புவதில் கட்டணத்தை மட்டும் பார்ப்பது பழக்கம். ஓரிடத்தில் 20 திர்ஹம் கட்டணம், மாற்று விகிதம் ஒரு திர்ஹத்துக்கு ரூ.22.80. இன்னோரிடத்தில் கட்டணம் இல்லை, விகிதம் 22.30 என்று வையுங்கள். 500 திர்ஹம் அனுப்பினால் முதல் இடத்தில் ரூ.10,944, இரண்டாவதில் ரூ.11,150. 3,000 திர்ஹம் என்றால் ரூ.67,944-க்கு எதிரே ரூ.66,900. ஏறத்தாழ 912 திர்ஹத்தில் இரண்டும் சமம். அதற்கு மேலே போனால் விகிதம்தான் பேசும்.

வங்கி வழியில்லாமல் ஆள் மூலம் பணம் அனுப்பும் உண்டியலில் விகிதம் கூடுதலாகக் கிடைப்பது உண்மை. அது சட்டவிரோதம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லி யாரும் நிறுத்தியதில்லை. இப்போது உள்ள ஆபத்து வேறு. அந்தப் பணம் முன்பின் தெரியாத கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வருகிறது. அந்தக் கணக்கு இணைய மோசடியில் சிக்கினால், வேறு மாநிலக் காவல்துறை சொல்லி நம் கணக்கும் முடக்கப்படும். அந்த மாதத் தவணையும் அதிலேயே மாட்டிக்கொள்ளும்.

வங்கிக் கணக்கு: வேலைக்காக வெளிநாடு போனவரின் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் உள்ளூர் வருமானக் கணக்கு) ஆக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. என்ற தனிக் கணக்கு. அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை. குத்தகை, வாடகை போன்ற உள்ளூர் வருமானத்துக்கு என்.ஆர்.ஓ. அந்தக் கணக்கின் வட்டியில் 30 சதவீத வரியும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. மனைவி பணம் எடுக்க மேண்டேட் கடிதத்தைப் புறப்படும் முன்பே வங்கியில் கொடுத்துவிட வேண்டும்.

சிம் கார்டு சின்ன விஷயம் போலத் தெரியும். 90 நாள் பயன்படுத்தாமல் விட்டால் எண் போய்விடலாம். எண் போனால் ஓ.டி.பி. போச்சு. குறைந்தபட்ச ரீசார்ஜை வீட்டில் இருப்பவர் பொறுப்பில் விடவும்.

இ.சி.ஆர். (குடியகல்வு அனுமதி தேவை என்ற வகை) கடவுச்சீட்டில் போவோருக்குக் கட்டாயமான பிரவாசி பாரதிய பீமா காப்பீடு இரண்டு ஆண்டுக்கு ரூ.275, மூன்று ஆண்டுக்கு ரூ.375. விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் ரூ.10 லட்சம். பாலிசி எண் வீட்டில் இருக்கட்டும். திரும்பி வருவோருக்கு: ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள், பிறகு 30 நாள், அடிப்படைச் சம்பளத்தில் கணக்கிடப்படும். ஒப்பந்தத்தில் அடிப்படையைக் குறைத்துப் படியைக் கூட்டியிருந்தால் அடி இங்கேதான் விழும். கையெழுத்துக்கு முன் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரி.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். ஒன்று, பயணக் கடனுக்கு மூன்று மாதத் தவணை விடுப்பு கேட்டு வட்டாரத்தில் இயங்கும் எல்லா நிறுவனங்களுக்கும் சங்கத்தின் பெயரில் கடிதம். இரண்டு, கடன் தகவல் அறிக்கையை ஆண்டுக்கொரு முறை இலவசமாக எடுத்துப் பார்க்க உறுப்பினர்களுக்கு அலுவலகத்தில் உதவி மேசை. அறிக்கையில் பிழை இருந்து, புகார் செய்து 30 நாளில் திருத்தப்படாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு. அதற்கான மனுவையும் அந்த மேசையிலேயே எழுதித் தரலாம்.

இவண்,
செயலாளர்