ஒற்றை எழுத்தில் ஒரு பள்ளி

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவைப் போல நம் பள்ளிகளுக்கும் தர எழுத்து கொடுக்கலாம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மகள் டெக்சாஸில் இருப்பதால் அந்த முறை எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஏழை மாணவர்களுக்கான மத்திய நிதி பெறும் பள்ளிகளில் கடைசி 5 சதவீதத்தை ஒவ்வொரு மாநிலமும் அடையாளம் காண வேண்டும் என்கிறது அமெரிக்காவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம். எப்படி அளப்பது என்பது பெரும்பாலும் மாநிலத்தின் விருப்பம். புளோரிடா 1999 முதல் ‘ஏ’யிலிருந்து ‘எஃப்’ வரை எழுத்து தருகிறது. கலிபோர்னியாவோ தேர்வு, வருகை, இடைநீக்கம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறம் காட்டுகிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எங்கே ஓட்டை என்றாவது தெரியும்.

டெக்சாஸும் எழுத்துதான் தருகிறது. அங்கே எழுத்து கொடுக்கும் விதிகளைக் கடுமையாக்கியதும் பள்ளி மாவட்டங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு 2025 ஏப்ரலில்தான் வெளியானது. அதற்குள் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயாயிற்று, அப்புறம் யாருக்கு அந்த எழுத்து?

வீடு தேடுகிறவர்களுக்குத்தான். மகளும் முதலில் அதைத்தான் பார்த்தாள். ‘ஏ’ பள்ளி இருந்த பக்கம் வாடகை கட்டுப்படியாகவில்லை. வசதியுள்ளவர்கள் அங்கே குடியேற, மதிப்பெண்ணும் ஏறுகிறது. இதில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, வீட்டின் வசதி எவ்வளவு என்று அந்த எழுத்து சொல்லுமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை,
திருநெல்வேலி