அண்ணிக்கு, ஒரு ஓரிகானோ செடியைப் பற்றி

அன்புள்ள அண்ணிக்கு,

போன வருஷம் ஆரணியிலிருந்து தயிர் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்பினீர்களே ஓரிகானோ, பீட்சா மேல் தூவுகிற அந்த வாசனை இலைச் செடி, அது செத்துப்போச்சு. போனில் கேட்டபோதெல்லாம் "நல்லா இருக்கு அண்ணி" என்றது பொய்.

கொன்றது நான்தான். துளசி, புதினாவுக்கு ஊற்றுகிற மாதிரி காலையும் மாலையும் தண்ணீர். ஒரே குடும்பம்தானே என்ற நினைப்பு. குடும்பம் ஒன்றுதான், குணம் வேறு. இது மத்தியதரைக் கடல் பக்கம் வறண்ட கல்மேட்டில் வளர்கிற செடி. பத்தே நாளில் அடித்தண்டு கறுத்து, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

இப்போது இருப்பது இரண்டாவது. தெரிந்தவர் வீட்டில் நாலு அங்குலத் தண்டு கிள்ளிவந்து, கீழ் இலைகளை உருவி, ஈர மணலில் நட்டேன். வேர் விட்டதும் செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி போட்ட தொட்டிக்கு மாற்றினேன். மக்கிய எரு ஒரு கைப்பிடி போதும்; கூடினால் இலை பெருக்கும், வாசனை குறையும். விரலை விட்டுப் பார்த்து, உள்ளேயும் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். வெயில் பிடிக்கும் செடிதான், ஆனால் வேலூர் சத்துவாச்சாரி மொட்டைமாடியின் கத்திரி வெயில் அதற்கும் அதிகம். மதியத்துக்கு மேல் தண்ணீர் டேங்க் நிழலுக்கு நகர்த்திவிடுவேன். ஐப்பசி மழைக்கு சன்ஷேடு அடியில்.

அம்மா ஓர் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, "ஓமப்பொடி வாசனை வருதுடி" என்றாள். சரிதான். ஓமத்துக்கு வாசனை தருகிற தைமால் என்ற பொருள் இதிலும் உண்டு, கூடவே அதே மாதிரி வாசனை தரும் கார்வக்ரால். நம் கற்பூரவள்ளியிலும் இந்த வாசனைதான். அதனால் அதையே ஓரிகானோ என்பவர்களும் உண்டு. இலை தடித்துச் சாறாக இருந்தால் அது கற்பூரவள்ளி. பஜ்ஜி போடுங்கள்.

ஓரிகானோ காய்ந்தால்தான் வாசனை ஏறும். பூக்கும் முன் கொத்தாக வெட்டி, நிழலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் வாசனையெல்லாம் போய்விடும். போன வாரம் இலவம்பாடி முள் கத்திரிக்காயை நல்லெண்ணெயில் பூண்டோடு வதக்கி, தக்காளி போடும்போதே அரை ஸ்பூன் காய்ந்த இலையை உள்ளங்கையில் தேய்த்துத் தூவினேன். பச்சை இலை என்றால் இறக்கும்போதுதான் போடவேண்டும். பீட்சாவோடு வருகிற ஓரிகானோ பொட்டலங்களை டிராயரில் சேர்த்துவைத்திருந்தேன், எல்லாம் குப்பைக்குப் போயாச்சு.

பொங்கலுக்கு வரும்போது ஒரு தொட்டி கொண்டுவருகிறேன். உங்கள் தாய்ச்செடி நல்லா இருக்கு என்று நீங்களும் போனில்தான் சொன்னீர்கள். நிஜமாகவே இருக்கிறதா அண்ணி?