சம்பளம் மாறினால் தாளில் எழுதிக் கொடு, பாப்பா

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, சந்தைக்கு நடந்தே போய் வருகிறாள்.

நேற்றுப் போனில் சொன்னாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அடுத்த மாதத்திலிருந்து லாரி கெலிண்டான்களின், அதாவது லாரியில் கூடப் போகும் உதவியாளர்களின், சம்பளத்தைப் பிரித்துப் போடப் போகிறார்கள், அடிப்படைச் சம்பளத்தில் 300 ரிங்கிட்டை எடுத்துப் பயண அலவன்ஸாக மாற்றுகிறார்கள், கைக்கு வரும் தொகை குறையாது, அதனால் எல்லோரையும் கூப்பிட்டு வாயால் சொல்லிவிடு என்று முதலாளி சொல்கிறார் என்றாய். வாயால் சொல்லாதே, பாப்பா. ஆளுக்கு ஒரு தாள் கொடு. அதுவும் மாற்றம் நடப்பதற்கு முன்னாலேயே.

மொத்தம் குறையாது என்கிற பேச்சை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார். 2,100 ரிங்கிட் அடிப்படைச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அது 1,800 ஆகிறது. பயண அலவன்ஸுக்கு இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, கட்ட வேண்டியதில்லை. அவன் பங்கு நூற்றுக்கு 11, கம்பெனி பங்கு 13. ஆக, மாதம் 70 ரிங்கிட்டுக்கு மேல் அவன் கணக்கில் சேராமல் போகும். அதில் அவனுடைய 33 ரிங்கிட் கைக்கு வரும் என்பதால் சம்பள நாளில் சந்தோஷமாகக்கூட இருப்பான். கம்பெனி போட வேண்டிய 39 ரிங்கிட் போனது போனதுதான். ஓவர்டைமும் அப்படித்தான். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, அதை 8 மணி நேரத்துக்குப் பிரித்து, ஒன்றரை மடங்கு போடுவார்கள். பயண அலவன்ஸ் அந்தக் கணக்கில் வராது. ஒரு மணி நேர ஓவர்டைமுக்கு 2 ரிங்கிட்டுக்கு மேல் அடிபடும். இரவு பத்து மணிக்குச் சரக்கு இறக்குகிறவனுக்கு அது பெரிய காசு. வாயால் சொன்னால் இதில் எதுவும் அவனுக்குத் தெரியப் போவதில்லை. பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் அவனே கேள்வி கேட்பான். கேட்கட்டும். ஒத்துக்கொள்ளாமலும் போகலாம், அது அவன் உரிமை. அவன் சம்மதம் இல்லாமல் சம்பளத்தைக் கீழே இறக்க முடியாது என்பதை முதலாளியிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தவன் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் வந்தது. சங்கமும் முதலாளிமாரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அச்சில் இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டலாம். ஆனால் ஒரு ஆளின் சம்பளம் மாறுவது, விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில்தான். ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளி அம்மாவை அந்த இருட்டில், நாளையிலிருந்து களை எடுப்பது போன்ற வெளிக்காட்டு வேலைக்குப் போ என்று கங்காணி சொல்லிவிடுவார். வெளிக்காட்டுக்குக் கூலி வேறு. அதை யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பள நாளன்று ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்று, காசை இரண்டு தரம் எண்ணிவிட்டு, "ஐயா, இதில் குறையுதே" என்பார்கள். நான் ஆள் வருகையும் கூலியும் எழுதும் செக்ரோலைத் திருப்பிக் காட்டுவேன். அதில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் அது ஆபீஸ் புத்தகம். அவர்கள் கையில் ஒன்றும் இருக்காது. பின்னால் நிற்கிறவர் அவசரப்படுத்துவார், அந்த அம்மா காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவார். கணக்கு சரியாக இருந்தும் அந்த அம்மாவுக்கு நியாயம் நடக்கவில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டமே ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஒப்பந்தம் எழுத்தில், அதை மாற்றுவது மட்டும் வாயில் என்றால் எப்படி?

கடிதத்தை நீட்டி முழக்காதே. பழைய அடிப்படை, புதிய அடிப்படை, ஒவ்வொரு அலவன்ஸும் தனித்தனியாக, எந்தத் தேதியிலிருந்து, எந்த மாதச் சம்பளச் சீட்டில் முதலில் தெரியும், இபிஎஃப்பும் ஓவர்டைமும் எதன் மேல் கணக்கிடப்படும், இவ்வளவு போதும். ஏன் மாற்றுகிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்தால் மரியாதையாக இருக்கும். இரண்டு பிரதி எடு, இருவரும் கையெழுத்துப் போடுங்கள், ஒன்று அவனிடம் இருக்கட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வர நாலு நாள் கொடு. உன்னிடம் நேப்பாளப் பையன்களும் இருக்கிறார்கள் என்றாய். அவர்களுக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஒரு ஆளை வை. வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. போன் மாறினால் அதுவும் போச்சு.

தற்காலிகம் என்று ஏதாவது வந்தால் முடிகிற தேதியையும் எழுது. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது உன் சித்தப்பா மகனுக்குச் சம்பளத்தைக் குறைத்தார்களே, நினைவிருக்கிறதா? கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். எது வரைக்கும் என்று எங்கும் எழுதவில்லை. பழைய சம்பளத்தைத் திரும்பக் கேட்கப் போனபோது, அப்படிச் சொன்ன மேனேஜரே அங்கே இல்லை.

அப்புறம், கூட்டிக் கொடுக்கும்போதும் எழுதிக் கொடு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500-லிருந்து 1,700 ஆனபோது, ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்த அலவன்ஸை அடிப்படையில் சேர்த்துவிட்டு உயர்த்திவிட்டோம் என்று சொன்ன இடங்களும் உண்டு. உயர்ந்தது எது, இடம் மாறியது எது என்று தொழிலாளிக்குத் தாள்தான் காட்டும். வீட்டுக் கடனுக்குப் பேங்கில் போய் நிற்கும்போதும் அது உதவும்.

இதையெல்லாம் சொன்னால் முதலாளி முகம் சுளிக்கலாம். நாளைக்கு ஒருவன் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுத்தால், கம்பெனியிடம் காட்ட என்ன இருக்கிறது என்று அவரிடமே கேள். எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினாயே என்று அவர் உன்னைத்தான் கைகாட்டுவார். அதனால்தான் அப்பாவுக்குக் கவலை.

கடிதத்தை எழுதி முடித்ததும் முதலாளியிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. கண்ணாடி மாற்றியாயிற்று, இப்போது நன்றாகப் படிக்க முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை இரவு போன் செய், கணக்கை ஒரு தரம் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அப்பா