எங்கள் சாப்பாட்டு அறையை அலங்கரித்தவர்களுக்கு நன்றி

நாகர்கோவில்,
டிசம்பர் 28

அன்புக்குரிய அனைவருக்கும்,

எங்கள் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையைக் கிறிஸ்துமஸ் விருந்துக்காக அழகுபடுத்தித் தந்தீர்கள். இங்கே வாழும் பெரியவர்கள் சார்பிலும் பணியாளர்கள் சார்பிலும் உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல். ஒவ்வொருவர் பெயரையும் எழுத வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். பெயர் வேண்டாம் என்று உங்களில் பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், செய்த வேலையை மட்டும் எழுதுகிறேன். உரியவர்களுக்குத் தங்கள் பங்கு எது என்று தெரியும்.

எண்பது வயதைத் தாண்டியவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் மேசையை அலங்கரிப்பது எளிய வேலை அல்ல. ஒருவருக்குக் கண்புரை, இன்னொருவருக்குக் கை நடுக்கம், சிலருக்கு மறதி நோய். சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் உண்டு. மூச்சுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரை நம்பியிருக்கும் பாட்டா ஒருவரும் இருக்கிறார். நீங்கள் அறைக்குள் வந்தவுடன் கேட்ட முதல் கேள்வி, “யார் யார் எங்கே உட்காருவார்கள்?” என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கே உங்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். மற்ற எல்லா வேலையும் அதிலிருந்துதான் பிறந்தது.

வாழையிலையைப் பற்றி முதலில் எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்ற செவிலியர் அக்கா ஒருவர் திட்டமிடும் நாளிலேயே வந்து, வெள்ளைத் தட்டில் வெள்ளைச் சோறு வைத்தால் பார்வை மங்கியவர்களுக்குச் சோறு எங்கே இருக்கிறது என்றே தெரியாது என்று விளக்கினார். பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெளிர்நிறத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாகப் பளிச்சென்ற சிவப்பு நிறத்தில் கொடுத்துப் பார்த்ததையும், அவர்கள் உண்ட உணவு ஏறத்தாழ 25 சதவீதமும் குடித்த நீர்மம் 84 சதவீதமும் கூடியதையும் சொன்னார். அந்த ஆய்வு 2004 இல் வெளியானது. நமக்குச் சிவப்புத் தட்டு எதற்கு, இலை இருக்கிறதே என்று சமையல்கார அண்ணன் உடனே சொன்னார். வெள்ளை விரிப்பின் மேல் பச்சை இலை, பச்சை இலையின் மேல் வெள்ளைச் சோறு. இலையின் விளிம்பும் தெரிந்தது, சோறும் தெரிந்தது. பிறர் ஊட்டிவிட்டுப் பழகிய இரண்டு ஆச்சிமார் அன்று தங்கள் கையாலேயே சோற்றை அள்ளிச் சாப்பிட்டார்கள். அதைப் பார்த்த யாரும் மறக்க மாட்டோம். சில்வர் டம்ளருக்குப் பதிலாகச் சிவப்பு டம்ளர்களை வாங்கிக் கொடுத்த வங்கி ஊழியர்களுக்கும், தோட்டத்திலிருந்து நுனி இலையாகப் பார்த்து அறுத்து, பழைய செய்தித்தாளில் சுற்றிக் கிழியாமல் கொண்டுவந்து சேர்த்த விவசாயிக்கும் எங்கள் நன்றி.

விரிப்புத் துணியை மீனாட்சிபுரத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் பாய் கொடுத்தார். பணம் எவ்வளவு என்று கேட்டபோது, “என் உம்மா உட்கார்ந்து சாப்பிடுகிற மேசைக்கு நான் விலை சொல்வேனா?” என்றார். தையல் அக்கா அதை மேசை விளிம்பிலிருந்து ஒரு சாண் மட்டுமே தொங்கும்படி அளந்து வெட்டி, மூலைகளில் நாடா தைத்து மேசைக் காலோடு கட்டிவிட்டார். நீளமாகத் தொங்கினால் சக்கர நாற்காலியின் சக்கரம் துணியை இழுத்துக்கொண்டு போகும், குழம்புச் சட்டியும் கூடவே போகும். மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் துணி அசையவில்லை.

சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இதுவரை மேசையிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் உட்கார முடிந்தது. நாற்காலியின் கைப்பிடி மேசைப் பலகையில் இடிக்கும். ஆசாரி அண்ணாச்சி அயினி மரத்தில் குழி வைத்த கட்டைகள் செய்து, ஒரு மேசையின் கால்களை மட்டும் மூன்று அங்குலம் உயர்த்தினார். எல்லா மேசைகளையும் உயர்த்தினால் சாதாரண நாற்காலிக்காரர்களுக்குத் தோள் வலிக்கும் என்று அவரே கணித்துச் சொன்னார். இதை அலங்காரத்தில் சேர்க்கலாமா என்று யாராவது கேட்கலாம். நான் முதலிடத்தில் சேர்ப்பேன். மேசைக்கு அருகே வர முடியாதவர்களுக்கு மேசையின் மேல் என்ன வைத்து என்ன பயன்?

இனி லேஸ். நாகர்கோவிலுக்கும் லேஸ் பின்னலுக்கும் இருநூறு ஆண்டு உறவு. 1820 களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் இங்கே பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த கைவேலை அது. கல்வியும் கூலியும் மறுக்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள் சொந்தக் காசைக் கையில் பார்த்தது அதனால்தான். எங்கள் இல்லத்தில் இருக்கும் ஆச்சி ஒருவர் இளவயதில் தலையணையில் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். தன் டிரங்குப் பெட்டியில் பாதுகாத்து வைத்திருந்த நீளமான லேஸ் பட்டையை எடுத்து, “இதை மேசைக்குப் போடு மக்களே” என்று கொடுத்தார். வெள்ளை விரிப்பின் மேல் வெள்ளை லேஸ் எடுபடாது என்று கல்லூரி மாணவிகள் கவலைப்பட்டார்கள். அவர்களே நடுவில் ஒரு சிவப்புத் துணிப் பட்டையை விரித்து அதன் மேல் லேஸைப் போட்டார்கள். ஒவ்வொரு பூவும் ஒவ்வொரு முடிச்சும் தெளிவாகத் தெரிந்தன. அன்று விருந்துக்கு வந்த பெண்கள் எல்லோரும் குனிந்து குனிந்து அதைத்தான் பார்த்தார்கள். ஆச்சி விளக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டார். அம்மா, உங்கள் கைவேலைக்கு எங்கள் வணக்கம்.

பூ தோவாளைப் பூச்சந்தையிலிருந்து வந்தது. அந்தச் சந்தையின் அண்ணாச்சிக்கு நாங்கள் கொடுத்த பட்டியலில் செவ்வந்தி, ரோஜா, கேந்தி, சிவப்பு அரளி எல்லாம் இருந்தன. அரளியை மட்டும் அடித்துவிட்டார். சாப்பாட்டு மேசையில் அரளி கூடாது, இலை முதல் பூ வரை அத்தனையும் நஞ்சு என்றார். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவசம் போர்டே 2024 மே மாதத்தில் கோயில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்திவிட்டதை அவர்தான் நினைவூட்டினார். அதற்கு ஈடாக இன்னொரு கூடை ரோஜா கொடுத்து, மல்லிகையையும் பிச்சியையும் வாசலோடு நிறுத்தச் சொன்னார். வாசனை கூடினால் மூச்சிழுப்பு உள்ளவர்களுக்குச் சாப்பாடு இறங்காதாம். வியாபாரம் பார்க்காமல் அறிவுரை கொடுத்த அண்ணாச்சிக்கு மிக்க நன்றி.

மேசையின் நடுவில் வைத்தது பூ ஜாடி அல்ல, கேழ்வரகு நாற்று. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் புல்வெளி அமைக்கக் கேழ்வரகும் கோதுமையும் விதைப்பது நம் வீடுகளில் பழக்கம்தானே. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிறு மண்கிண்ணங்களில் மண் நிரப்பிக் கொடுக்க, விதைத்தவர்களும் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தவர்களும் பெரியவர்களே. குரோவேஷியாவிலும் ஹங்கேரியிலும் புனித லூசியா நாளான டிசம்பர் 13 அன்று கோதுமை விதைத்து, முளைத்த நாற்றைக் கிறிஸ்துமஸ் மேசையில் வைக்கிறார்கள். நாங்களும் ஏறத்தாழ அதே நாள்களில்தான் விதைத்தோம். ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாகவே வளர்ந்ததால் எதிரே இருப்பவரின் முகத்தை எதுவும் மறைக்கவில்லை. காது கேளாதவர்கள் எதிரே பேசுகிறவரின் உதட்டசைவைப் பார்த்தே பேச்சில் கலந்துகொண்டார்கள். பிளாஸ்டிக் செர்ரிப் பழங்களையும் மின்னும் தூளையும் மேசைப் பக்கமே கொண்டுவராமல் பார்த்துக்கொண்ட பிள்ளைகளே, மறதி நோய் உள்ளவர்கள் அவற்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று நீங்களாகவே யோசித்தீர்களே, உங்கள் பெற்றோர் கொடுத்துவைத்தவர்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களான திருவருகைக்காலத்தில் ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுவர்த்தி ஏற்றும் வளையத்தை நான்கு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில்தான் வைத்திருந்தோம். சவுக்குக் கொப்புகளை வளைத்துக் கட்டியது, மூன்று ஊதா மெழுகுவர்த்தி, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு ரோஜா நிறம். ஆக்ஸிஜன் இருக்கும் அறையில் நெருப்புக் கூடாது என்பதால் நான்கும் பேட்டரியில் எரிபவை. சிலருக்கு அது குறையாகப் பட்டிருக்கலாம். 1839 இல் ஹாம்பர்க் நகரில் யோஹான் ஹின்ரிக் விக்கர்ன் என்ற போதகர், தாம் நடத்திவந்த ஏழைப் பிள்ளைகளின் இல்லத்தில், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு வண்டிச்சக்கரத்தில் வார நாள்களுக்குச் சிறியதும் ஞாயிறுகளுக்குப் பெரியதுமாக மெழுகுவர்த்திகளை நட்டார். நாள் எண்ணிக் காத்திருப்பவர்களுக்காகப் பிறந்த வளையம் அது. எங்கள் பெரியவர்களில் பலர் பிள்ளைகள் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள். வளையத்தைக் கட்டித் தந்த ஆலய இளைஞர்களே, ஒவ்வொரு ஞாயிறும் நேரில் வந்து சுவிட்சைப் போட்டு, ஒரு பாட்டும் பாடிவிட்டுப் போனீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது?

அறையில் தொங்கவிட்ட நட்சத்திரத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொராவியத் திருச்சபைப் பள்ளி மாணவர்கள் 1830 களில் வடிவியல் பாடத்துக்காகச் செய்த காகித நட்சத்திரத்தை இங்கே தங்கியிருக்கும் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் பாட்டா மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 18 சதுர முகமும் 8 முக்கோண முகமும் கொண்ட உடல். தொங்கவிட ஒரு சதுரம் போக, மீதி 25 முகத்திலும் கூம்பு. கை நடுங்கியதால் அவர் வாயால் சொல்ல, மாணவிகள் மடித்தார்கள். ஒரு கூம்பின் கோணம் பிசகினாலும் பிரிக்கச் சொன்னார், அவர்களும் முகம் சுளிக்காமல் பிரித்தார்கள்.

குருத்தோலைத் தோரணமும் ஓலைக்கிளிகளும் கட்டிய தென்னை ஏறும் தொழிலாளர்களுக்கும், அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் வைத்துக் கொடுக்கப் பனையோலைக் கொட்டான் முடைந்து தந்த பெண்களுக்கும் நன்றி. சீரியல் விளக்குகளை மினுக்காமல் நிலையாக எரியும்படி மாற்றி, வயர்களைச் சுவரோரமாக ஒட்டிய எலக்ட்ரீஷியன் தம்பிக்கும், கருஞ்சிவப்புக் கம்பளம் மறதி நோயாளிகளின் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியும் என்று அறிந்தவுடன் அதைச் சுருட்டி எடுத்துச் சென்ற கல்யாண மண்டபத்தாருக்கும் நன்றி. விருந்து முடிந்த அன்று மாலையே இலைகளையும் வாடிய பூக்களையும் தனித்தனியாகப் பிரித்து அள்ளிச் சென்ற தூய்மைப் பணியாளர்களை எங்கள் மேசையில் உட்காரவைத்து விருந்து பரிமாறியதில் எங்களுக்குப் பெருமை.

விரிப்புகள் துவைத்துத் தேய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. குத்துவிளக்கு மேடை, நாற்காலிகள், பெரிய அண்டாக்கள் கொடுத்தவர்கள் புத்தாண்டுக்குப் பிறகு எந்த நாளிலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். நட்சத்திரத்தை ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்த பிறகே இறக்குவோம். மடிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகள் அதற்கு முன் மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால், கணித ஆசிரியர் பாட்டா சாப்பாட்டு அறையிலேயே இருப்பார். காகிதமும் அளவுகோலும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

நன்றியுடன்,
இல்லப் பொறுப்பாளர்