தில்லையில் எங்களுக்கு மேடை தந்தவர்களுக்கு

சிதம்பரம் நாட்டியாஞ்சலி நடன விழாத் தொண்டர்களுக்கும் தெற்கு வீதி மக்களுக்கும் வணக்கம்.

மகா சிவராத்திரி இரவில் பதினொரு பெண் பிள்ளைகளோடு அறந்தாங்கியிலிருந்து வேனில் வந்து, நேரம் தவறி நின்ற நாட்டிய ஆசிரியை நான். அன்று யாருக்கும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. பலருடைய பெயர்கூடத் தெரியாது. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் இரவு எட்டரை. மயிலாடுதுறைக்கு முன்பே டயர் வெடித்து, நாங்கள் வந்து சேர்ந்தபோது பத்து மணி தாண்டிவிட்டது. பட்டியல் வைத்திருந்த அம்மா கடிந்துகொள்வார் என்று நடுங்கியபடி போனேன். அவர் பிள்ளைகளைப் பார்த்தார். "சாப்பிட்டீர்களா?" என்றுதான் கேட்டார். ஒடிசாவின் ஒடிசி நடனம் ஆட வந்திருந்த குழுவினர் தங்கள் இடத்தை எங்களுக்கு விட்டுக்கொடுத்துப் பின்னால் போனார்கள். அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. இந்த மடலை யாரேனும் அவர்களுக்குப் படித்துச் சொன்னால் நிறைவாக இருக்கும்.

ஒப்பனைக்கு இடம் இல்லாமல் தவித்தபோது வீட்டுக் கூடத்தையே திறந்துவிட்ட பாட்டி, பாதி ஜடைகளை நீங்கள்தான் பின்னினீர்கள். ஊக்கு தீர்ந்தபோது உங்கள் மருமகள் தன் புடவையில் இருந்ததைக் கழற்றித் தந்தார்.

மேடை ஏறும் நேரத்தில் பாட்டு இருந்த எங்கள் பென் டிரைவ் திறக்கவில்லை. தவறு என்னுடையது, இன்னொரு பிரதி கொண்டுவந்திருக்க வேண்டும். நானே பாடித் தட்டுகிறேன் என்றேன். ஒலிபெருக்கி பார்த்த தம்பி மறுபேச்சில்லாமல் மைக்கை என் வாய்க்கும் நான் தாளம் தட்டும் தட்டுக்கழிக்கும் நடுவே சரிசெய்தார். தம் கச்சேரி முடிந்து கிளம்பிக்கொண்டிருந்த மிருதங்கக்காரர் ஒருவர் உறையை மறுபடி அவிழ்த்துப் பக்கத்தில் வந்து அமர்ந்தார். என்ன தாளம், எடுப்பு எங்கே (தாளத்தில் பாட்டு எங்கே தொடங்கும்), இரண்டே கேள்விகள். முத்துத்தாண்டவர் இயற்றிய பதம் அவர் கையில் என்னமாய் நடந்தது! ஒத்திகையில் ஒருநாளும் கூடிவராத தீர்மானம், அதாவது முடிப்பு அடவுக் கோவை, அன்று ஒரே அடியாக விழுந்தது. முடிந்து திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் போய்விட்டார். ஐயா, நீங்கள் எங்கே இருந்தாலும் என் வணக்கம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாசிப் பனியில் திறந்தவெளி மேடை நடுநிசிக்கு மேல் வழுக்கும், வெறுங்காலில் ஆடுகிறவர்களுக்கு அது தெரியும். ஒவ்வொரு குழுவும் இறங்கியதும் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் துண்டோடு ஓடிவந்து மேடை முழுவதும் துடைத்தார்கள். அந்த நால்வரை யாரும் படம் எடுத்திருக்க மாட்டார்கள். என் பிள்ளைகள் ஒருவரும் சறுக்காமல் இறங்கியது அவர்களால்.

1981-இல் இந்த விழா தொடங்கியது. 1994-இல் என் ஆசிரியை என்னை அழைத்துவந்தபோது கோயிலுக்குள்ளேயே ஆடினோம். அன்றும் ஆடுகிறவர் சன்மானம் கேட்பதில்லை, பார்க்கிறவருக்கு டிக்கெட் இல்லை. இதற்கு நான் ஏன் இத்தனை உருகுகிறேன் என்றால், வேறோர் ஊரில் இதே பிள்ளைகளுக்கு மேடை கேட்டபோது, தலைக்கு இவ்வளவு பணம் கட்டுங்கள் என்றார்கள். தையற்கடை வைத்திருப்பவரும் மீன் விற்பவரும் பெற்ற பிள்ளைகள் இவர்கள். இங்கே ஒரு ரூபாய் கேட்கவில்லை. யார் வீட்டுப் பிள்ளை, எந்தப் பாணி, எந்தப் பெரிய குருவிடம் கற்றது என்றும் யாரும் விசாரிக்கவில்லை.

விடிந்ததும் இட்லி கொடுத்து, கீழைக் கோபுர வாசலுக்கு எங்களைக் கூட்டிப்போன பெரியவருக்கும் நன்றி. கல்லில் செதுக்கிய 108 கரணங்கள் என்னும் நடன நிலைகளையும் அவற்றோடு வெட்டியிருக்கும் நாட்டிய சாத்திரச் சுலோகங்களையும் அவசரமில்லாமல் காட்டினீர்கள். முதல் கரணமான தலபுஷ்பபுடத்தின் எதிரே எங்கள் ஏழாம் வகுப்புக்காரி சலங்கையைக்கூடக் கழற்றாமல், பூ ஏந்திய கையோடு அப்படியே நின்று பார்த்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதைப் போல வேன் ஓட்டுநர் ஒலி எழுப்பியும் அவள் நகரவில்லை. நீங்களும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பாட்டி, குளிருக்கு நீங்கள் பிள்ளைகளுக்குப் போர்த்திவிட்ட நீலப் போர்வை எங்கள் வேனோடு வந்துவிட்டது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த சிவராத்திரிக்கு நேரில் கொண்டுவந்து தருகிறேன்.