யானையும் அட்டகாசமும்

அன்புள்ள செல்வம்,

கட்டுரை கிடைத்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறதென்று ஒரு வரி எழுதியிருக்கலாம்; யானையைப் பற்றியே நாலு பக்கம்! இங்கே சரோஜாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று நாளாக என் சட்டையில் உள்ள கறையையெல்லாம் எண்ணிச் சொல்கிறாள்.

சரி, கட்டுரைக்கு வருகிறேன். 'அட்டகாசம்' மூன்று இடத்தில் வருகிறது. உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பத்திரிகையில் இருந்தபோது 'ஊருக்குள் புகுந்து யானை அட்டகாசம்' என்று எத்தனை தலைப்பு வைத்திருப்பேன்! ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு பத்தி அகலத்துக்குள் கச்சிதமாக உட்காரும் சொல் அது. ஆனால் குடித்துவிட்டுத் தெருவில் கலாட்டா செய்கிறவனுக்கு உரியது. ஒரு நாளைக்கு 150 கிலோ தீனி தேட வேண்டிய உயிருக்கு அதை எப்படி ஒட்டினோம்? 'புகுந்து' மட்டும் லேசுப்பட்டதா? திருடன் புகுவான், வெள்ளம் புகும்.

அரிக்கொம்பன் யானையை நினைத்துப் பார். கேரளத்துச் சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்றதால் வந்த பெயர்; மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. 2023இல் அவனைப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதமே நம் தேனிப் பக்கம் கம்பம் ஊர்த் தெருவில் வந்து நின்றான். அப்புறம் களக்காடு முண்டந்துறைக்கு லாரியில் போனான். போன இடமெல்லாம் அந்தப் பெயரும் கூடவே போனது, போலீஸ் ஸ்டேஷன் கேடி லிஸ்ட் மாதிரி.

அதற்காக 'பாவம், வாயில்லா ஜீவன்' என்று மாற்றிவிடாதே. வாழை போட்டவன் கையிலிருந்து கட்டுரையைப் பிடுங்கிக் கிழித்துவிடுவான். 'மனித - விலங்கு மோதல்' என்ற ஆபீஸ் பாஷையும் வேண்டாம், அதில் யானையும் இல்லை, ஆளும் இல்லை.

உன் மூன்றாம் பக்கத்தில் ஒரு இடம்: யானை வாழை மரத்தைச் சாய்த்து, மட்டையை உரித்து, உள்ளே இருந்த தண்டை மட்டும் தின்றுவிட்டுப் போயிருக்கிறது, தார் அப்படியே கிடக்கிறது, இன்னும் பத்து நாளில் வெட்டியிருக்க வேண்டிய தார். அங்கே ஒரு வசவும் இல்லை, ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. கட்டுரையை அங்கிருந்து ஆரம்பி.

இன்னொன்று, யானை போய்வரும் பாதையை 'வழித்தடம்' என்றால் எனக்கு டவுன் பஸ் ஞாபகம்தான் வருகிறது. இடம்பெயர்ந்து போவதற்கு 'வலசை' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறதே.

திருத்தி அனுப்பு. முழங்காலைப் பற்றியும் எழுது.

அன்புடன்,
ராமு